கதவைச் சாத்தினவருக்குக் கைதட்டினேன், அக்கா

ஒரே தட்டுல என்னோட சாப்பிட்ட அக்காவுக்கு,

உன் தம்பிக்கு இந்த வயசுலயும் அறிவு வரல. போன வாரம் பொன்னேரியில, என் பொண்ணு படிக்கிற காலேஜுல ஒரு படம் போட்டாங்க. பெத்தவங்களும் வரலாம்னாங்க. அஞ்சு நிமிஷமா சத்தமே வரலியேன்னு எழுந்து, "தம்பி, சவுண்டு வை"ன்னு கத்திட்டேன். ஹாலே சிரிச்சுது. அது ஊமைப்படமாம். ஜெர்மன்காரங்க அந்தக் காலத்துல எடுத்தது. அதுக்கும் முன்னாடி மேடையில நாடகமா ஆடினதாம்.

அதனாலயோ என்னவோ, கதை முழுக்க ஒரே கூடம், ஒரே கதவு. வாய் அசையும், அப்புறம் எழுத்து வரும். அதை என் பொண்ணுதான் மைக்குல தமிழ்ல படிச்சா. எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?

கதையில ஒரு கடிகாரக் கடைக்காரர். அவர் பொண்ணு தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டு வந்து நிக்கிறா. அவர் வாய் அசைஞ்சுது. எழுத்து வர்றதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ உன் புருஷனோட வந்து நின்னப்போ, நம்மளப் பெத்த நைனா சொன்னதேதான். "இவ என் பொண்ணே இல்ல"ன்னு என் பொண்ணு படிச்சா. அவர் கதவைச் சாத்தினார்.

ஆம்பளைங்க கைதட்டினாங்க, அக்கா. பின்னாடி ஒருத்தர், "அப்பன்னா இவன் அப்பன்"னார். என் கையும் ரெண்டு தட்டு தட்டிடுச்சு. அப்புறம்தான் மைக்குப் பக்கம் பார்த்தேன். அவ என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. அழுகின நண்டுக் கூடையில கையை விட்ட மாதிரி இருந்துச்சு. வேட்டியில துடைச்சா போற நாத்தமா அது?

நீ போன அன்னைக்கு ஊரே நைனாவை மெச்சி டீ வாங்கிக் கொடுத்துச்சு. எனக்கும் ஒரு கிளாஸ். ருசியா இருக்குன்னு உறிஞ்சிக் குடிச்சேன். நீ கும்மிடிப்பூண்டியில காய்ச்சல்ல செத்தப்போ எங்கள்ல ஒருத்தரும் வரல. இது ஒரு மானம். தூ.

உனக்கு ஒரு சேதி. என் பொண்ணும் கூடப் படிக்கிற பையனைக் கட்டிக்கணும்னு அவளைப் பெத்தவகிட்ட சொல்லியிருக்கா. அது என் காதுக்கும் வந்துடுச்சு. திரும்பி வர்றப்போ, திருப்பாலைவனம் தாண்டினதும் பஸ்ஸுல கேட்டா: "நைனா, நீயா இருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

எனக்கு நடிக்கல்லாம் வராதும்மான்னு மழுப்பினேன். அவ சிரிக்கல. "நீ தட்டினதைப் பார்த்தேன்"னா.

கொஞ்ச தூரம் போனதும், "ஞாயித்துக்கெழம அவனைக் கூட்டிக்கிட்டு வா"ன்னேன். கொடுவா மீன் கெடைக்கலன்னா கெழுத்தியாவது ஆக்கிப் போடறேன்னு சொன்னேன். அதுக்கு லேசா சிரிச்சா.

உம்மேல ஆணையா சொல்றேன். அந்தப் பையன் நம்ம ஊரு தோணிரேவுல வந்து எறங்கறப்போ, ஊரு இன்னா பேசினாலும், நான்தான் எதிர்ல போயி கூட்டிக்கிட்டு வருவேன்.

அவகிட்ட சொல்லாதது ஒண்ணு இருக்கு. வெளியில நின்ன உனக்கும் தெரிஞ்சிருக்காது. அன்னைக்கு நைனா கதவைச் சாத்தத்தான் சாத்தினாரு. தாப்பா போட்டது நான்.

உன் கூடப் பொறந்த
தம்பி