நாலு கேமராவுல ரெண்டு டம்மி

9-9-2008, செவ்வா

ஏண்டா தனபாலு, நாலு டப்பாவச் செவுத்துல மாட்டறதுக்கு நாப்பத்தி ரெண்டாயரமா? கேட்டா எனக்குத் தெரியாதாமா. "உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்ப்பா, கம்முனு இருங்க"ங்கறான். கோயமுத்தூருல இருந்து டை கட்டிட்டு ஒருத்தன் வந்து காயிதம் நீட்டறான், இவன் பேனாவத் தொறக்கறான். நான் அஞ்சாவதுதான் படிச்சேன். கூட்டிப் பாக்கறதுக்கு அஞ்சாவது போதும்டா. அந்தக் காயிதத்துல இன்ஸ்டாலேசன்னு ஒம்பதாயரம் போட்டிருக்குது. ஆணி அடிக்கற கூலி. ஒம்பதாயரம் குடுத்தா நானே செவுத்துல ஏறி உக்காந்து ராப்பகலாப் பாக்கறேன்னு சொன்னேன். டை கட்டுனவன் சிரிச்சான். என்ர பையன் சிரிக்கல. வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்.

காணாமப் போனது துணி ரோலு ரெண்டு. ஊட்டுக்குப் பின்னால குடோனு, மெசினெல்லாம் அதுக்குள்ளதான். குடோனுக்குப் பின்னால வாடகைக்கு உட்ட லைன் ஊடு மூணு, நடுவால பொதுக் கொழா. சுத்தியும் ஆளு ஒசரத்துக்கு மேல காம்பவுண்டு, உச்சியில கண்ணாடிச் சில்லு. போக வர ஒரே ஒரு கேட்டு. இதுக்குள்ள எவன் வந்தான்னு கண்டுபுடிக்கத்தான் இத்தன ரகள.

10-9-2008

சோறு உங்கறப்ப சொன்னேன், இருவதாயரத்துக்குள்ள நானே மாட்டிக் காட்டறேன்னு. "காட்டுங்க பாக்கலாம்"னான். மருமக கீர்த்தனா தட்டப் பாத்துச் சிரிச்சுது. சிரிக்கட்டும்.

13-9-2008, சனி

நம்ம கம்பெனிக்கு ஒயரிங் பாத்த மயில்சாமியக் கூட்டிட்டு டவுனுக்குப் போனேன். கடைக்காரன் சொன்ன வெலைய இதுலயே எழுதிக்கறேன். கேமரா ஒண்ணு ரெண்டாயரத்தி அறநூறு, நாலுக்குப் பத்தாயரத்தி நானூறு. கம்ப்யூட்டருக்குள்ள சொருகற கார்டு மூவாயரத்தி எறநூறு. கம்ப்யூட்டரு ஆபீசுல பழசு ஒண்ணு தூசி புடிச்சுக் கெடக்குது, அதுக்குத் தண்டம் இல்ல. ஒயரு நூத்தி இருவது மீட்டரு, ஆயரத்தி அறநூத்தி எம்பது. அடாப்டரு நாலுக்கு ஆயரம். பின்னு, பைப்பு, கிளிப்பு தொள்ளாயரம். கரண்டு போனாலும் ஓட்டற யூபிஎஸ் மூவாயரத்தி நானூறு. மயில்சாமி கூலி ஆயரத்தி ஐநூறு.

ஆக இருவத்தி ரெண்டாயரத்தி எம்பது. ரெண்டு தடவ கூட்டிப் பாத்துட்டேன். கொறையவே மாட்டீங்குது.

14-9-2008

ராத்திரியெல்லாம் இதே நெனப்பு. அவங்கிட்டப் போயி ரெண்டாயரம் எச்சாயிருச்சுன்னு நிக்கறதா? கீர்த்தனா மறுக்காத் தட்டப் பாத்துச் சிரிக்கறதா?

16-9-2008

கடைக்காரன் ஒரு சமாச்சாரம் காட்டுனான். டம்மி. பாத்தா கேமராவேதான், உள்ள ஒண்ணுமில்ல. செல்லுப் போட்டா செவப்பு லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியுது. முன்னூத்தி அம்பது. கேட்டுக்கும் குடோன் முன்வாசலுக்கும் நெசம், பக்கத்துச் செவுத்துக்கும் கொழாய்க்கு மேலயும் டம்மின்னு முடிவு பண்ணுனேன். அடாப்டரும் ரெண்டு மிச்சம், அப்புடியே அஞ்சாயரம் எறங்கிப் போச்சு. பதினேழாயரத்தி எம்பது.

எறங்க ஆரம்பிச்சா நிறுத்த மனசு வருதா? யூபிஎஸ்ஸையும் அடிச்சுட்டேன். மயில்சாமி, "கரண்டு போனா நெசக் கேமராவும் குருடுங்ண்ணா"ன்னான். "கரண்டு போனா திருடனுக்குந்தான்டா இருட்டு"ன்னேன். கடைக்காரங்கூடச் சிரிச்சுட்டான். பதிமூவாயரத்தி அறநூத்தி எம்பது.

21-9-2008, நாயிறு

மாட்டியாச்சு. தனபாலு நாலையும் அண்ணாந்து பாத்துட்டு, "பரவால்லீங்க"ன்னான். அந்த வாயில இருந்து அதுவே பெருசு.

ரெண்டு டம்மிங்கறது எனக்கு, தனபாலுக்கு, கீர்த்தனாளுக்கு, மயில்சாமிக்கு. நாலே பேருக்குத்தான் தெரியும். "உங்க வாய் சும்மா இருக்காதுங்ப்பா. இத ஒண்ணையாச்சும் வெளிய சொல்லாம இருங்க"ன்னான். எம்பது வயசப் பக்கத்துல வெச்சுட்டு இருக்கற மனுசங்கிட்டச் சொல்ற பேச்சு.

24-9-2008

சின்னத்தாயி ரோட்டு முக்கு அடிபம்புல இருந்து ரெண்டு கொடம் தண்ணி தூக்கிட்டு வந்துது. ஊட்டு வாசல்ல கொழா இருக்கையில. மூணு நாளா இதே கத.

அவ நடு லைன் ஊட்டுல பத்து வருசமாக் குடியிருக்கறவ. சாத்தூருப் பக்கம். புருசன் பொன்னுச்சாமி சாயப்பட்டறையில, இவ நம்ம பனியன் கம்பெனியில, தெச்ச துணியில கொற பாக்கற செக்கிங். நான் என்ன சொன்னாலும் மறுபேச்சுப் பேசற ஒரே ஆளு இந்தக் காம்பவுண்டுல அவதான். "என்ன சாத்தூர் மகாராணி, நம்ம கொழாத் தண்ணி கசக்குதா?"ன்னேன். எப்பவும் பட்டுனு ஒண்ணு வரும். வரல. கொடத்த எறக்கி வெச்சுட்டு மெதுவாச் சொல்லுச்சு, "அந்தப் பெட்டி பாத்துக்கிட்டே இருக்குல்லய்யா. துணி தொவைக்கையில சேலைய ஏத்திச் சொருகுவோம். உங்க ஆபீசுல யாரு யாரு உக்காந்து பாக்காகளோ."

எனக்கு அது தோணவே இல்ல. ஒயரு எத்தன மீட்டருன்னு தோணுச்சு, இது தோணல.

25-9-2008

சொல்லிட்டேன். இன்னொருக்கா அடிபம்புக்குக் கொடத்தத் தூக்குச்சு, பாத்துட்டு இருக்க முடியல. "அது டம்மி சாமி. உள்ள ஒண்ணுமில்ல, என்ர மண்டையாட்டம்"னேன். சித்த நேரம் அண்ணாந்து பாத்துச்சு. "உங்க மண்டையில லைட்டு எரியலையேய்யா"ன்னுது. அதாம் பழைய சின்னத்தாயி. பொழுதோட கொழாயடியில துணி தொவைக்கற சத்தம் கேட்டுது.

12-10-2008, நாயிறு

மூலனூருல கல்யாணம். ஊட்டப் பூட்டிட்டு எல்லாருமே போயிட்டோம். மத்த ரெண்டு லைன் ஊட்டுக்காரங்களும் ஊருல இல்ல. அஞ்சு மணிக்கு வந்து பாத்தா குடோன் பின்கதவுப் பூட்ட ஒடச்சுக் கெடக்குது. ஓவர்லாக் தையல் மெசினு ரெண்டக் காணோம். ஒண்ணொண்ணும் ஒரு ஆளு கனம்.

பின்கதவு எங்க இருக்குதுன்னா கொழாய்க்கு எதுத்தாப்புல. டம்மிக்கு நேர் கீழ. அது பாட்டுக்கு மினுக்கிட்டு நிக்குது.

13-10-2008

காலையில தனபாலு நாக்காலியப் போட்டு உக்காந்துட்டான். "டம்மின்னு தெரிஞ்சவந்தாங்க பின்னால வந்திருக்கான். நாலு பேருல யாருங்க?" மயில்சாமியக் கூட்டியாந்தாச்சு. ஸ்டேசனுக்குப் போலாம்னான். மயில்சாமி கையெடுத்துக் கும்புட்டான். "ஊட்டுச் சாவியவே எங்கையில குடுத்துட்டுப் போறாங்க, அந்த நம்பிக்கையிலதானுங்க என்ர பொழப்பு ஓடுது. ஸ்டேசன்னா முடிஞ்சுதுங்க." அவன் என்னையப் பாக்கல. நாந்தான் அவனப் பாத்துட்டு இருந்தேன்.

கம்முனு இருந்திருக்கலாமா? இருந்தா மயில்சாமி தலையில உழுகும். சொன்னா? சின்னத்தாயிய என்ன பண்ணிருவான், கேப்பான், அவ இல்லீம்பா, முடிஞ்சுதுன்னு நெனச்சேன். "சின்னத்தாயிகிட்ட நாஞ் சொன்னேன்"னேன்.

தனபாலு திட்டல. திட்டியிருந்தாத் தேவல. "சரீங்க"ன்னு எந்திரிச்சுப் போயிட்டான்.

14-10-2008

சனிக்கெழமைக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டான். வேலைக்கும் வர வேண்டாமாமா. செக்கிங் பண்ற பொம்பளைங்க அத்தன பேரு முன்னாலயும் சொல்லியிருக்கான். பொன்னுச்சாமி வந்து கேட்டதுக்கு, "போலீசுக்குப் போகாம உடறனே, அதோட போங்க"ன்னானாம்.

சாயந்தரம் அவ எங்கிட்ட வந்தா. சத்தமில்ல, அழுகையில்ல. "அய்யா, நீங்களா எம்பேரச் சொன்னீக?"

நான் கொழாயப் பாத்தேன். சொட்டிட்டு இருந்துச்சு.

"நாங்க அன்னைக்கு ஊர்லயே இல்லைய்யா. பெருமாநல்லூருல எந்தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். நீங்களே பஸ்சுக்கு வழியனுப்புனீக."

ஆமா. அனுப்புனேன். கல்யாணத்துக்குக் கெளம்பற அவதியில மறந்தே போச்சு. நாயம் கேட்ட எடத்துல அது வாயில வரல. கேலி பேச மட்டும் எப்புடித்தான் வாய் வருதோ.

17-10-2008

மயில்சாமி வந்தான். அவனுக்கு மனசு கேக்கல போல, கம்ப்யூட்டரத் தொறந்து பாக்கலாம்னான். நாங்க ரெண்டு பேருதான். நாயித்துக்கெழம கேட்டுல இருக்கற கேமரா எல்லாத்தையும் புடிச்சிருக்குது. நாங்க கெளம்பறது, சின்னத்தாயியும் பொன்னுச்சாமியும் பையத் தூக்கிட்டுப் போறது, நாயி போறது. ரெண்டு மணிக்குப் படம் நின்னு போச்சு. நாலு மணிக்கு மறுக்கா வருது. நடுவால ஒண்ணுமே இல்ல.

"கரண்டு கட்டுங்ண்ணா"ன்னான்.

அவ்வளவு கனத்தக் கண்ணாடிச் சில்லுக்கு மேல தூக்கிப் போட முடியாது. கேட்டு வழியாத்தான் போயிருக்கோணும். கேட்டு வழியாப் போனா படத்துல உழுந்திருக்கோணும். உழுகாம இருக்கறது அந்த ரெண்டு மணி நேரந்தான். அந்த நேரத்துல நாலு கேமராவும் ஒண்ணுதான். டம்மின்னு எவனுக்கும் தெரிஞ்சிருக்க வேண்டியதே இல்ல. தெனமும் ரெண்டு மணிக்குக் கரண்டு போவுதுன்னு தெரிஞ்சாப் போதும். அது இந்தத் திருப்பூருல பொறந்த கொழந்தைக்கும் தெரியும்.

யூபிஎஸ் மூவாயரத்தி நானூறு. நான் அடிச்சது.

மயில்சாமி கம்ப்யூட்டர அணைச்சான்.

18-10-2008, சனி

காலையிலயே தனபாலுகிட்டச் சொன்னேன். ஒண்ணு உடாம. எல்லாத்தையுங் கேட்டுட்டு, "இருக்கட்டும்ங்ப்பா. அந்த ஊட்டுக்கு வேற ஆளு பேசியாச்சு"ங்கறான். ஒரிசாப் பசங்க எட்டுப் பேராமா. ஆளுக்கு முன்னூறு வாடகையாமா. சின்னத்தாயி எழுநூறு குடுத்துட்டு இருந்துச்சு.

"டேய், அவ எடுக்கலடா"ன்னேன்.

"எடுத்தாங்கன்னு நான் எப்பங்க சொன்னேன்? அவங்க பேரச் சொன்னதே நீங்கதானுங்களே."

மத்தியானம் டெம்போ வந்துச்சு. கட்லு, கொடம், சாமி படம். நான் ஊட்டுக்குள்ளயே இருந்துட்டேன். கேமராவுல உழுந்திருப்பாங்க ரெண்டு பேரும், கேட்டத் தாண்டிப் போறது. கரண்டு இருந்துச்சு.

2-11-2008

தீவாளி போச்சு. மயில்சாமி சொல்றான், நம்ம வீதியில மூணு கம்பெனியில சின்னத்தாயி வேல கேட்டு அலஞ்சுதாம். செக்கிங்குக்கு அந்தக் கை மாதிரி கெடைக்காது. ஒருத்தனும் சேக்கல. மெசின எடுத்தவன்னு பேராயிப் போச்சாம். இப்பப் பெருமாநல்லூருல பனியன் வேஸ்ட் பிரிக்கற குடோனுல இருக்குதாம். வெள்ள ஒரு பக்கம், கலரு ஒரு பக்கம். நாளெல்லாம் தும்பு.

5-11-2008

வெக்கத்த உட்டுட்டு முக்குக் கம்பெனிப் பொங்கியண்ணங்கிட்டப் போனேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல, கரண்டு இல்லாத நேரம் பாத்து எவனோ எடுத்துட்டான், நாந்தான் ஒளறிட்டேன், அவளச் சேத்துக்கன்னேன். பொங்கியண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சான். "ஏனுங் மாமா, போன மாசம் என்ர கம்பெனிக்கு ரெய்டு வருதுன்னு சொல்லி என்னையப் பின்வாசல்ல ஓட உட்டீங்க. இப்ப இதுங்ளா?"

நெசமாத்தான்டான்னேன். சத்தியம்னேன். "அன்னைக்கும் சத்தியம்தானுங் பண்ணுனீங்க"ங்கறான்.

நாப்பது வருசமா ஊரயே சிரிக்க வெச்சேன்னு ஒரு பெரும. ஒருத்தன நம்ப வெக்கத் தெரியல.

6-11-2008

நாளைக்குப் பெருமாநல்லூரு போலாம்னு இருக்கறேன். அவகிட்டயாச்சும் நேருல சொல்லோணும். கரண்டு, கேட்டு, ரெண்டு மணி, யூபிஎஸ். வருசையா மனப்பாடம் பண்ணிட்டேன். கேலி ஒண்ணும் பேசக் கூடாது.

7-11-2008, வெள்ளி

டவுன் பஸ்சுல போனேன். வேஸ்ட் குடோனுக்கு எதுத்தாப்புல டீக்கடை. பதினோரு மணிக்கு டீக்கு உட்டாங்க. தலையில துண்டு, புருவமெல்லாம் தும்பு, அடையாளமே தெரியல. அவதான் என்னையக் கண்டா.

வாயத் தொறந்தேன், என்ன வந்துச்சு தெரியுமா? "என்ன மகாராணி, இங்க கேமரா எல்லாம் நெசந்தானா?"

எங்கிருந்து வந்துச்சு அது? நானா பேசுனேன்?

அவ கோவப்படல. "உக்காருங்கய்யா. பஸ்லயா வந்தீக? வெயிலா இருக்கே"ன்னா. ஊட்டுக்கு வந்த ஒறம்பரையக் கேக்கறாப்புல. பெஞ்சுல எடம் உட்டு உக்காந்தா. பொன்னுச்சாமி எப்புடி இருக்கான்னேன். இருக்காகன்னா. தங்கச்சி ஊடு பக்கமான்னேன். பக்கந்தான்னா. டீ ஆறிட்டு இருந்துச்சு.

மனப்பாடம் பண்ணுனது ஒண்ணும் ஞாபகம் வரல. எப்புடியோ ஆரம்பிச்சேன். "சின்னத்தாயி, அன்னைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்மூட்டுல கரண்டு..."

எந்திரிச்சுட்டா. டம்ளர்ல பாதி டீ இருந்துச்சு. ரோட்டோரம் ஊத்திட்டு, டம்ளரக் கழுவி வெச்சுட்டு, துண்ட இறுக்கிக் கட்டிட்டுக் குடோனுக்குள்ள போயிட்டா. மணியும் அடிக்கல. மத்த பொம்பளைங்க எல்லாம் இன்னும் டீ குடிச்சுட்டுத்தான் இருந்தாங்க.

ரெண்டு டீக்குக் காச எடுத்து நீட்டுனேன். டீக்கடைக்காரன் ஒண்ணுக்கு எடுத்துட்டு மிச்சத்தத் திருப்பிக் குடுத்தான். "அந்தம்மா அவிங்களுதுக்கு அப்பவே குடுத்துட்டாங்க. உங்களுதுக்கு மட்டுங்க."