வாங்க என்று சொல்லக் கூடாத இடம்

ஜூன் 9, திங்கள்

நர்சிங் இரண்டாம் வருடம் தொடங்கிவிட்டது. பெண்கள் வார்டில் போஸ்டிங். நாள் முழுக்க யார் யாருக்கோ உடம்பு துடைத்து, தலை வாரி, விரிப்பு மாற்றினேன். எல்லோரையும் தொடுகிறேன். என்னை யாராவது தொட்டுப் பேசி எத்தனை நாளாகிறது? ஹாஸ்டல் அறையில் கூட இருக்கும் வேணிக்குப் போன் இருக்கிறது, போனுக்குள் அவள் ஊரே இருக்கிறது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். விழுப்புரம் ஹாஸ்டல் சாம்பார் வழக்கம்போல் தண்ணீர்.

ஜூன் 11

நர்ஸ் ஆவது அப்பாவின் ஆசை. "பிரான்சிஸ் பொண்ணு நர்ஸம்மா" என்று கிளியனூர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். என் ஆசை என்ன? யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

பெரியப்பா மகன் ரஞ்சித் போன் செய்தான். "திண்டிவனம் காலேஜ்ல பி.காம். சீட்டு இருக்குது. இருபத்திமூணாம் தேதி கவுன்சிலிங். புடிக்கலன்னா ஜல்தி வந்துடு. அப்புறம் பேஜாரு."

போய்விடலாம்தான்.

ஜூன் 13, வெள்ளி

ஏழாம் கட்டில் தைலம்மாள் இன்று டிஸ்சார்ஜ். மரக்காணம் பக்கத்துக் குப்பம், மூச்சு இளைப்பு. என் அம்மா வயதுதான். இந்த வார்டிலேயே "சாப்ட்டியா பொண்ணு?" என்று கேட்டவர் அவர் ஒருவர். அதனால் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். "போயிட்டு வாங்கம்மா" என்றேன். எங்கள் வீட்டில் யாரையாவது வெறுமனே 'போங்க' என்று அனுப்புவோமா?

மருமகள் பரிமளா சட்டென்று திரும்பினாள். "ஆஸ்பத்திரி வாசல்ல நின்னுகினு வான்னு கூப்புடுறியே, உன் வாயில வசம்ப வெச்சுத் தேய்க்க!"

இன்சார்ஜ் சிஸ்டர் காந்திமதி உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்: "இங்க யாரையும் வழியனுப்பாத. அவங்களும் சொல்லிக்க மாட்டாங்க. அவங்க கெளம்புனா நீ அடுத்த கட்டிலப் பாரு."

இது எந்தப் பாடத்திலும் இல்லை.

ஜூன் 17

தைலம்மாள் திரும்பி வந்துவிட்டார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 18, புதன்

"அவ கை படக் கூடாது. வேற ஆள அனுப்புங்க." வார்டே கேட்கும்படி பரிமளா சொன்னாள். இன்சார்ஜ் என்னைக் கடைசி வரிசைக்கு மாற்றிவிட்டார்.

நான் என்ன பண்ணேன்? மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு ஒருத்தருக்கு மூச்சு முட்டுமா? முட்டாதுன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் பயமா இருக்கு. அம்மாகிட்ட சொல்லலாம்னு போன் போட்டேன். "நல்லா இருக்கேம்மா"ன்னு சொல்லி வெச்சுட்டேன்.

ரஞ்சித்துக்கு மெசேஜ் அனுப்பினேன் — வர்றேன்.

ஜூன் 20

பரிமளா சாப்பிடப் போயிருந்த நேரம் தைலம்மாள் கை காட்டிக் கூப்பிட்டார். தயங்கித் தயங்கிப் போனேன்.

"நீ கூப்ட்டதாலயா நான் வந்தேன்? இங்க குடுத்த அந்தப் பஃப்ப இழுத்தா பழக்கமாயிடும்னு குப்பத்துல சொன்னாங்க. எடுத்து ஓரமா வெச்சுட்டேன். மருமவகிட்ட சொல்லிடாத, கத்துவா."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இன்ஹேலரைத்தான் பஃப் என்கிறார். அதைக் கொடுத்து இழுக்கச் சொன்னேன். வாயைத் திறந்துகொண்டே அழுத்தினார். மருந்து பாதி காற்றில் போனது. முதலில் மூச்சை வெளியே விட்டு, உதட்டால் கவ்வி, அழுத்தும்போதே மெதுவாக இழுத்து, உள்ளேயே கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். நாலைந்து தடவைக்குப் பிறகு சரியாக வந்தது. அவ்வளவு நேரமும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விட்டுவிடக் கூடாது என்றிருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

பை கட்டியாயிற்று. நாளைக் காலை திண்டிவனம். தைலம்மாளுக்கும் நாளைதான் டிஸ்சார்ஜ். ஊருக்குப் போனதும் மறுபடி யாராவது எதையாவது சொல்வார்கள், பஃப் மறுபடி ஓரத்துக்குப் போகும். பரிமளாவுக்குத் தெரிந்தால் விடமாட்டாள், கத்தியாவது இழுக்க வைப்பாள். ஆனால் என் முகத்தைப் பார்த்தாலே அவளுக்கு ஆகாதே! எனக்கென்ன வந்தது? நாளையிலிருந்து நான் நர்ஸே இல்லை.

ஜூன் 23

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றதும் இறங்கிவிட்டேன். எதிர்ப் பஸ் பிடித்து வார்டுக்குப் போனபோது பரிமளா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு வந்த?"

தலைமாட்டிலிருந்த பஃப்பைக் கையில் எடுத்தேன். "திட்டுங்க. இதக் கத்துக்கினு அப்புறமா திட்டுங்க."

தைலம்மாள் கண்ணாலேயே வேண்டாம் என்றார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பரிமளா மாமியாரைத் திட்டிய திட்டில் எனக்கு விழுந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. திட்டி முடித்துவிட்டு என்னிடம் கையை நீட்டினாள். "குடு. எப்படின்னு காட்டு."

நடுவில் ரஞ்சித் கூப்பிட்டான். "எங்க இருக்க? உன் பேரக் கூப்ட்டுட்டாங்க!" போனை வைத்துவிட்டுப் பரிமளாவுக்கு மறுபடி முதலிலிருந்து காட்டினேன்.

அவர்கள் கிளம்பும்போது நான் அடுத்த கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, திங்கள்

வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தைலம்மாளா என்று பார்க்கிறேன். இந்த ஊரில் எனக்கென்று இருந்தது அவர் ஒருவர்தான். பார்க்கவேண்டும் போலிருக்கிறது. வந்துவிடக் கூடாது, மாதாவே.

நாளைக்கும் காலை ட்யூட்டி.