ஒலிபெருக்கியில் அவர் பெயர்

ஞாயிறு, இரவு.

ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. பிள்ளைகள் இருவரையும் கூட்டிப்போனேன். நெருக்கித் தள்ளும் சனம். சின்னவளைத் தூக்கி, நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலைக் காட்டிவிட்டுத் திரும்பினால் மூத்தவளைக் காணவில்லை. மண்டபம் முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அப்போது ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: "சரவணைக் கிராமத்தைச் சேர்ந்த ரவீந்திரன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும். உங்கள் மகள் இங்கே நிற்கிறா."

மூன்று வருடமாகக் கனடாவில் இருக்கிற என் மனிசனைக் கூப்பிடுகிறார்கள்!

மேடையில் அவள் அழவேயில்லை. "அப்பாட பேரைத்தான் கேட்டவை, அம்மா. சொன்னனான்."

இரவு அவர் போன் எடுத்தபோது அவளே முந்திக்கொண்டாள்.

"உங்களைக் கூப்பிட்டவை, அப்பா. கேட்டதோ?"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரைக் கேட்டதும் நான் மேடையைப் பார்க்கவில்லை. வாசலைத்தான் பார்த்தேன்.