கிழக்குப் பக்கத்துக் கோடு

செப்டம்பர் 11, 1911, திங்கள்

முடி வெட்டிக்கொள்ள வந்த மனிதர், போகும்போது என்னைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டுப் போனார். லெட்யார்டைச் சொல்கிறேன். நம் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர், லத்தீன் ஆசிரியர், மணி அடிப்பவர் எல்லாம் அவர்தான். ஹாலிஸ் ஊர்ப் பள்ளியில் கால்பந்து அணி வைத்திருக்கிறார்களாம். நமக்கும் ஒன்று வேண்டுமாம். எங்கள் பார்லோ ஊரிலேயே கால்பந்து ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தானாம்.

பார்த்தது உண்மைதான். லிங்கன் நகரத்தில், ஒரே ஒரு தடவை, ஒரு பருத்த அம்மாளின் தொப்பிக்குப் பின்னால் உட்கார்ந்து. ஆனால் அந்த ஆட்டத்தை இந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும் சொல்லிச் சொல்லி, தொப்பி கழன்றுபோய், இப்போது நானே பாதி ஆடியது மாதிரி ஆகிவிட்டது. நாக்கு வாங்கிக் கொடுத்த பதவி.

மனைவி ரோவீனாவிடம் பெருமையாகச் சொன்னேன். பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, ஓடுகிறவனை எதிராளிகள் கட்டிப்பிடித்து உருட்டுவது, எல்லாம் விளக்கினேன். கேட்டுவிட்டு, “அப்ப கால் எங்க வருது?” என்றாள். இருபது வருஷமாக இப்படித்தான்.

மைதானத்துக்கு ஹென்னபெர்க் தன் மேய்ச்சல் நிலத்தைக் கொடுத்திருக்கிறார். பெரிய மக்காச்சோளக்காரர், பள்ளி நிர்வாகக் குழுவின் தலைவர். தேவாலய வாசலில் பாதிரியார் காதில் விழும்படி லெட்யார்ட் கேட்டதால் மறுக்க முடியவில்லை. சரி என்று சொன்ன முகம் பல் பிடுங்கக் கொடுத்த முகம்.

செப்டம்பர் 23, சனி

முதல் ஆட்டம். தோல்வி. எண்ணிக்கையை எழுத மாட்டேன். பிற்காலத்தில் யாராவது இதைப் படித்தால் ஏதோ கால்நடைக் கணக்கு என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதினோரு பேர் தேறாததால் லெட்யார்டே இறங்கினார். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் தலையோடு கட்டிக்கொண்டு. எதிராளி முட்ட வரும்போதெல்லாம் “மன்னிக்கணும்” என்று சொல்லி விலகி வழிவிடுகிறார். இந்த மனிதரிடம் லத்தீன் படித்த பையன்கள் வேறு எப்படி ஆடுவார்கள்?

அக்டோபர் 7, சனி

நாலு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். ஐந்தாவதாக ஒரு பசு. மற்றவர்கள் எல்லாம் சோளக் கொல்லையில் கதிர் உரிக்கப் போய்விட்டார்கள். அப்பன் கூப்பிட்டால் போகாமல் என்ன செய்வான்? நான்கு பேரையும் பசுவையும் வைத்துக்கொண்டு வியூகம் கற்றுக்கொடுத்தேன். பசுதான் சொன்ன இடத்தில் நின்றது.

அக்டோபர் 10, செவ்வாய்

நிர்வாகக் குழுக் கூட்டம். எரிச்சலில் பேனாவே கீறுகிறது.

ஹென்னபெர்க் எழுந்து, ஒருவனுக்குத் தோள் எலும்பு இறங்கிவிட்டது, இருவருக்கு மூக்கு கோணிவிட்டது, அறுவடை கெடுகிறது, இதுவரை ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை என்று அடுக்கினார். எல்லாம் உண்மை. அதுதான் கோபம். பிறகு தீர்மானம்: நவம்பர் கடைசியில் நன்றித் திருநாள் அன்று ஹாலிஸோடு நடக்கும் கடைசி ஆட்டத்துக்குள் பார்லோ ஒரு புள்ளியாவது எடுக்க வேண்டும். இல்லையென்றால் கால்பந்தை ஊத்தி மூட வேண்டியது. மேய்ச்சல் நிலத்தை உழுது சோளம் போட்டுவிடுவார்.

ஜெயிக்கக்கூடச் சொல்லவில்லை, ஒரு புள்ளி. அதைக்கூட நம்மால் முடியாது என்பது அவர் கணக்கு.

ஹாலிஸுக்கு என்னென்ன இருக்கிறது! மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குப் போனது. ரயில் சந்திப்பு அவர்களுக்குப் போனது. பித்தளை வாத்தியக் குழுகூட இருக்கிறது. பார்லோவில் ரயில் நிற்க வேண்டுமானால் யாராவது கொடி காட்ட வேண்டும். இந்த ஊருக்கென்று ஒன்றே ஒன்று வேண்டும் என்று ஒரு சவரக்காரன் ஆசைப்படக் கூடாதா? சரி, தூங்கு, எலையஸ் டட்டில்.

அக்டோபர் 21, சனி

தோல்வி. பசுவைச் சேர்த்திருக்கலாம்.

நவம்பர் 18, சனி

ஹென்னபெர்க்கின் மகன் எமில் ஒரு கையில் கன்றுக்குட்டியைத் தூக்குகிற பையன். அவன் ஓடினால் ஹாலிஸ்காரர்கள் அவன்மேல் குளிர்கோட்டு மாதிரி தொங்க வேண்டியதுதான். சீசன் முழுக்க அப்பா விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் பயிற்சியைப் பார்ப்பான். அப்பா கத்தினால் போய்விடுவான்.

இன்று அப்பா சவரத்துக்கு வந்தார். கத்தி என் கையில், கழுத்து அவருடையது. கேட்க இதைவிட நல்ல நேரம் ஏது? கேட்டேன். உதட்டு நுரையை விரலால் வழித்தார். பிறகு: “கதிரெல்லாம் முடிஞ்சிருச்சு. அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வரட்டும். அவங்கம்மா மூணு வாரமா என்கூடப் பேசல, டட்டில். சூப்புல உப்பில்லைன்னுகூடச் சொல்ல ஆளில்ல.”

சந்தோஷத்தில் கத்தி சறுக்கி அவர் காதோரம் லேசாகக் கீறிவிட்டது. படிகாரம் தடவி, காசு வாங்காமல் அனுப்பினேன்.

நவம்பர் 29, புதன்

நாளை ஆட்டம். மழையில் கோடெல்லாம் கரைந்துவிட்டதால் லெட்யார்டும் நானும் மறுபடி போட்டோம். மூன்று பக்கம் போட்டதும் சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது. கிழக்குப் பக்கம் வெறும் புல்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை. மளிகைக் கடைக் கிடங்கில் மழை ஒழுகி நனைந்து, கல்லாக இறுகிப்போன பன்றிக்கறி பதப்படுத்தும் உப்பு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ரோவீனாவின் மாவு உருட்டும் கட்டையால் நசுக்கிப் பொடியாக்கி, கிழக்குக் கோட்டை நானே போட்டேன். மற்ற மூன்றைவிட வெளேரென்று, நேராக.

“நல்லது எலையஸ்,” என்றாள் ரோவீனா. “நீ தரைக்கு உப்புப் போடு. நான் நாளைக்குத் திருநாள் வான்கோழிக்குச் சுண்ணாம்பு போடறேன்.”

இந்தப் பெண்களுக்குப் புது யோசனை என்றாலே இளக்காரம்.

நவம்பர் 30, வியாழன்

எப்படி எழுதுவது இதை.

காலையில் மைதானத்துக்குப் போனால், கிழக்குக் கோடு இருந்த இடத்தில் ஹென்னபெர்க்கின் மாடுகள். வரிசையாக. தலையைக் குனிந்துகொண்டு, பூசைக்கு நிற்கிற மாதிரி பக்தியோடு. கதிர் முடிந்த கொல்லையில் மேய விட்டிருந்தவை, வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கின்றன. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கல் உப்பு மிச்சமில்லை. மாட்டுக்கு உப்பு என்றால் உயிர் என்பது இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும்! நேற்று மட்டும் தெரியவில்லை.

அதற்குள் ஹாலிஸ் வண்டிகள் வந்துவிட்டன, பித்தளை வாத்தியத்தோடு. நடுவராக வந்த வேறு ஊர்ப் பல் வைத்தியர் பாக்ஸன், முனைகளில் முளைக்குச்சி இருக்கிறதே, நடுவில் குத்துமதிப்பாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

கடைசிவரை நமக்குப் புள்ளி இல்லை. அவர்களுக்கு இருந்தது. வெளிச்சம் மங்கும் நேரத்தில் எமில் கையில் பந்து வந்தது. ஓடினான். கிழக்கு ஓரமாக, ஒருவன் இடுப்பில் தொங்க, ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொள்ள, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடினான். இடுப்பில் தொங்கியவன் விழுந்தான். மற்றவன் கையோடு எமிலின் ஒரு பூட்ஸ் கழன்று போனது. ஒற்றைப் பூட்ஸில் எமில் கடைசிக் கோட்டைத் தாண்டி விழுந்தான்.

ஊரே உள்ளே புகுந்துவிட்டது. நான் பாதிரியாரைக் கட்டிப்பிடித்தேன். லெட்யார்ட் லத்தீனில் ஏதோ கத்தினார். கெட்ட வார்த்தையாக இருக்கலாம்.

ஹாலிஸ் அணித் தலைவன் கையைத் தூக்கினான். எமில் ஓரக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டுத்தான் ஓடினான் என்றான். எந்தக் கோடு? பாக்ஸன் குனிந்து பார்த்தார். மாட்டு எச்சில் காய்ந்த புல். பக்கத்தில் நின்றது யார் என்று கேட்டார்.

ஹென்னபெர்க். கையைக் கட்டிக்கொண்டு, சரியாக அந்த இடத்தில்.

மொத்தப் பார்லோவும் அவரைப் பார்த்தது. அவர் ஒரு முளைக்குச்சியைப் பார்த்தார், மறு முளைக்குச்சியைப் பார்த்தார். உழுத சால் நேராக இருக்கிறதா என்று நோட்டம் விடுகிற அதே பார்வை. மகனைப் பார்க்கவில்லை.

“வெளியில போயிட்டான்,” என்றார். “ஒரு பூட்ஸ் அகலம்.”

எமில் எழுந்து, கழன்ற பூட்ஸைத் தேடிப் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்தே வீட்டுக்குப் போனான். புள்ளி இல்லை. முடிந்தது.

வான்கோழி நன்றாக இருந்ததாம். எனக்கு இறங்கவில்லை. உப்பு சரியா என்று ரோவீனா கேட்கவே இல்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 2, சனி

ஹென்னபெர்க் சவரத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? தெரியாது. உப்பு போட்டவன் நான்.

டிசம்பர் 5, செவ்வாய்

கூட்டம். கடைசி ஓட்டு எடுக்க வேண்டியது. ஹென்னபெர்க் தலைவர் நாற்காலியில் தொப்பியை உருட்டிக்கொண்டே இருந்தார். கடையில் அவரைப் பற்றி இந்த வாரம் பேசாதவர் இல்லை: மகனையே காட்டிக்கொடுத்தவர், ஹாலிஸுக்கு விலைபோனவர் என்று. அத்தனையும் அவர் காதுக்குப் போயிருக்கும். என் கடையில் பேசியதாயிற்றே. கால்பந்து விஷயம் வந்ததும், பசு கன்று போடப்போகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார். ஓட்டு ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. டிசம்பரில் எந்தப் பசு கன்று போடும் என்று நான் கேட்கவில்லை. மாடுகளைப் பற்றிப் பேசும் யோக்கியதை எனக்கு இல்லை.

பிப்ரவரி 17, 1912, சனி

பனி. ஹென்னபெர்க் தாடி வளர்க்கிறாராம். ஒரு வாடிக்கையாளர் போனார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

நாளை ஓட்டு. காலையில் லெட்யார்டுக்கு ஒரு பக்கத் தாடை முடித்துவிட்டு மறுபக்கம் நுரை தடவும்போது, வாசலில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்: ஹென்னபெர்க் மேய்ச்சல் நிலத்தில் ஏர் பூட்டிவிட்டார்.

ஓட்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லையா இந்த ஆள்? சோப்புத் தூரிகையைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். லெட்யார்டும் கழுத்துத் துண்டோடு பின்னாலேயே. போகிற வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று அடுக்கிவைத்தேன். நல்ல நல்ல வார்த்தைகள். ஒன்றும் உபயோகப்படவில்லை.

நிலத்தின் நடுவில் புல் அப்படியே இருந்தது. கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு உழவுச் சால். கரிய மண், ஆழமாக, ஒரு முளைக்குச்சியிலிருந்து மறு முளைக்குச்சிக்கு, கயிறு பிடித்தாற்போல. ஹென்னபெர்க் கலப்பைப் பிடியில். குதிரைகளை நடத்திக்கொண்டு முன்னால் எமில், சீட்டியடித்தபடி.

வேலியோரம் வந்ததும் நிறுத்தினார். தாடி அவருக்குப் பொருந்தவில்லை.

“இதை எந்த மாடு நக்குதுன்னு பாக்கலாம்,” என்றார்.

நாளைய ஓட்டு என்ன ஆகும் என்று மெல்லக் கேட்டேன். உழுத சாலின் மேலிருந்த கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அன்னிக்குப் பையன் வெளியில போனான், டட்டில். போனதாலதான் சொன்னேன். ஆனா இன்னொரு தடவை அதை நான் சொல்ற மாதிரி இருக்கக் கூடாது.”

பிறகு என் கையிலிருந்த தூரிகையைப் பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டு, தெற்கு மூலையில் போய் முளைக்குச்சியை நேராகப் பிடிக்கச் சொன்னார். இன்னும் மூன்று பக்கம் இருக்கிறது, மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும்.

பிடித்தேன். லெட்யார்ட் வடக்கு மூலையில் பிடித்தார், பாதி முகத்தில் நுரை காய்ந்து வெடித்துப்போக.