இரண்டாவது கியர்

மாப்ள,

இன்று காலை வடகவுஞ்சியைத் தாண்டி இறங்கும்போது அந்த நாற்றம் அடித்தது. பிரேக் லைனர் கருகும் நாற்றம். முடி பொசுங்குவது போல மூக்கில் ஏறுமே, அதேதான். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். மலைக்குப் புதிய ஆள் ஓட்டுகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. பின்னால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால், "ஏலே, அந்தாளு பிரேக்க மிதிக்கல, அதுமேல ஏறி நிக்கிறாரு" என்று சொல்லியிருப்பாய். நீ போய் எட்டு மாதமாகிறது. இடது பக்க சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் நீ சொன்னதாகவே நினைத்து நான் சிரித்துவிட்டேன். அந்த நாற்றம் அடித்து நான் சிரிப்பேன் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் அவரை அடிக்கப் போயிருப்பேன்.

நாம் இருவரும் நம் ஊர் கவுஞ்சியிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போன வருடங்கள் பன்னிரண்டு. ஏற்றத்தில் நீ ஓட்டுவாய், இறக்கத்தில் நான். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. இறக்கம் வந்ததும் வண்டியை நியூட்ரலில் தள்ளி உருட்டி விடுவேன். டீசல் மிச்சம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மையில் எஞ்சின் சத்தம் அடங்கி, காற்று மட்டும் கேட்கிற அந்த ஓட்டம் எனக்குப் பிடிக்கும். "கியர்ல எறக்குடா. எறக்கத்துல வண்டிய எஞ்சின்தான் புடிக்கணும், ஓங்காலு இல்ல" என்று நீ ஒவ்வொரு தடவையும் சொல்வாய். நான் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வளைவில் மறுபடியும் தள்ளுவேன்.

அன்றைக்கு வெள்ளனே கிளம்பினோம். மூட்டை வழக்கத்தைவிட அதிகம். நியூட்ரலில் உருண்டு வந்த வண்டியை ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கால் இழுத்துப் பிடித்ததில் பிரேக் சூடேறிப் போய், கடைசியில் என் கால் பஞ்சை மிதித்தது போல் உள்ளே போயிற்று. வலது பக்கம் பள்ளம். வண்டியை இடது பக்கப் பாறையில் கொண்டுபோய் மோதினேன். இடது பக்கம் இருந்தது நீ. முழங்காலுக்குக் கீழே உன் கால் போயிற்று.

ஓடி வந்தவர்களிடம் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "பிரேக் பெயிலியர்." அதையே முதலாளியிடம் சொன்னேன், ஊரிலும் சொன்னேன். அதற்கு முந்தின வாரம்தான் பெருமாள்மலையில் மெக்கானிக் பாய் லைனர் மாற்றியிருந்தார். பழி அவர் தலையில் விழுந்தது. அவர் பட்டறைக்கு வண்டி விடுவதைச் சிலர் நிறுத்தினார்கள். என் கை கியரைத் தள்ளியதைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். நீ வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "விடு மாப்ள. ஓம்மேல எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னாய்.

அந்த வார்த்தைதான் என்னைக் கொன்றது. நீ நாலு கெட்ட வார்த்தை திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பேன்.

நான் ஸ்டியரிங்கை விட்டேன். பூண்டு குடோனில் தரம் பிரிக்கிற வேலையில் சேர்ந்தேன். தினமும் உன் வீட்டுக்குத் தண்ணீர் தூக்கி வந்தேன், விறகு உடைத்தேன், நீ கேட்காததையெல்லாம் செய்தேன். ஒருநாளும் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கோயிலில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லாரும் முன்னால் போவார்கள், நீயும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு போவாய். நான் எழுந்திருக்க மாட்டேன். கேட்டால் தடுமன் என்பேன், பாத்திரத்தில் வாய் வைத்தால் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்பேன். "ஒனக்கு மட்டும் மொதல் ஞாயித்துக்கெழமை பாத்து வருதே, அது என்ன தடுமன்லே?" என்று நீ கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நான் அன்றைக்கு வீடு வரை தலை நிமிரவில்லை.

நான்கு வருடம் இப்படியே போயிற்று. ஒட்டன்சத்திரத்தில் உன் மகளுக்குக் குழந்தை பிறந்தது. உன் சம்சாரம் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டது. நீ ஒரு வண்டியை வாடகைக்குப் பேசி, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லியிருந்தாய். டிரைவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான். "பேத்தியப் பாக்கணும். நீ ஓட்டுனாப் போறேன். இல்லன்னா போகல" என்று சொல்லிவிட்டு நீ இடது பக்கம் ஏறி உட்கார்ந்துகொண்டாய். உன்னிடம் எப்போதுமே இந்த முரட்டுத்தனம் உண்டு.

பெருமாள்மலையைத் தாண்டினோம். இறக்கம் தொடங்கியது. நான் நியூட்ரலில் போடவில்லை, ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவும் இல்லை. உயிரே அந்தப் பெடலில் இருப்பது போல் அமுக்கிக்கொண்டு வந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. ஏழெட்டு வளைவுக்குள் அந்த நாற்றம் வந்துவிட்டது. ஓரங்கட்டி நிறுத்தினேன். சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்து, மனதில் கிடந்ததை நேரே போட்டு உடைத்தேன்.

"அன்னைக்குப் பிரேக் போகல. நான்தான் நியூட்ரல்ல போட்டேன்."

"தெரியும். பாத்தேன்."

"பெறகு ஏன் ஒண்ணும் கேக்கல? ஒண்ணுமில்லன்னு ஏன் சொன்னே?"

நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அது பொய்யிடா. ஒரு வருசம் ஓம்மேல அம்புட்டு ஆத்திரம். நீ தண்ணிக்கொடத்தத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிப்பே, நான் ஓன் ரெண்டு காலையும் பாப்பேன். வயிறு எரியும். ஜெபம் பண்ண உக்காந்தா ஒம்மூஞ்சிதான் முன்னால வரும். கடைசில ஆண்டவர்ட்டயே சொல்லிட்டேன், 'இந்தப் பயல மன்னிக்க எனக்குத் தெம்பு இல்ல, நீரே குடுத்தாத்தான் உண்டு'ன்னு. ஒரே நாள்ல வந்துரல. கொஞ்சங்கொஞ்சமா வந்துச்சு. இப்ப நெசமாவே ஒண்ணுமில்ல."

மாப்ள, ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை நான் நம்பவே இல்லை. அன்றைக்குத்தான் நம்பினேன். வயிறு எரிந்தவன் சொல்கிற மன்னிப்பு என்றால் அதற்கு ஒரு கனம் இருக்கிறது. ரோட்டோரத்தில் உட்கார்ந்து நான் அழுதேன். போகிற வருகிற பஸ்ஸெல்லாம் பார்த்தது. நீயோ நான் அழுது முடிக்கிற வரை ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தாய், பிறகு பாதியைக் கொடுத்தாய்.

"நான் அந்தப் பாரத்த ஆண்டவர்ட்ட குடுத்துட்டேன். நீதான் தெனம் போயி அதத் திரும்பத் தூக்கிட்டு வர்றே. போதும், நீயும் குடு" என்றாய்.

எனக்குப் பெரிய ஜெபமெல்லாம் வராது என்பது உனக்குத் தெரியும். "ஆண்டவரே, இத இனிமே நான் தூக்கல, நீரே வச்சுக்கிடும்" என்று மட்டும் சொன்னேன். வானத்திலிருந்து ஒன்றும் இறங்கவில்லை. நெஞ்சுக்கூடு மட்டும் இரண்டு விரற்கடை அகலமானது போல் இருந்தது. மூச்சு உள்ளே போய் வந்தது.

பிரேக் ஆறியதும் மறுபடி கிளம்பினோம். "செகண்ட் கியர்ல போடு. காலை எடு" என்றாய். "எடுத்தா வண்டி ஓடிராதா?" என்று கேட்டேன், இருபது வருடம் மலையில் ஓட்டியவன். "எடுத்துப் பாரு" என்றாய். எடுத்தேன். எஞ்சின் ஒருதரம் உறுமியது, வண்டியைப் பிடித்துக்கொண்டது. வளைவில் மட்டும் லேசாக ஒரு மிதி. மற்றபடி என் கால் சும்மா இருந்தது.

பேத்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பாய் பட்டறை முன்னால் நீயே நிறுத்தச் சொன்னாய். "வாயத் தொறக்காம இருந்தவன் நானும்தான். நானும் வர்றேன்" என்று கைத்தடியை ஊன்றி இறங்கினாய். பாய் முழுதும் கேட்டார். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "நாலு வருசமா அந்த லைனர மனசுக்குள்ள கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டிருக்கேன்யா, எங்க தப்பு விட்டோம்னு" என்று சொன்னார். நன்றாகத் திட்டினார். அது எனக்குத் தேவையாக இருந்தது. முதலாளியிடமும் போய்ச் சொன்னேன், ஊரிலும் என் வாயாலேயே சொன்னேன். சிலர் இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. பாய் பேசுகிறார். நான் மறுபடி ஓட்ட ஆரம்பித்த வண்டிக்கு அவர்தான் லைனர் மாற்றுகிறார், ஒவ்வொரு தடவையும் ஒரு குத்தல் பேச்சோடு.

அடுத்த முதல் ஞாயிறு நான் எழுந்தபோது நீ சத்தமாகவே, "தடுமன் விட்டுருச்சு" என்று சொன்னாய். போதகர்கூட நிமிர்ந்து பார்த்தார். உனக்கு இடம் பொருள் ஏவல் எதுவும் கிடையாது.

கொடுத்தது கொடுத்தபடியே இருந்துவிடவில்லை. சில நாள் விடியும்போதே அந்தப் பாறை கண்ணுக்குள் வந்து நிற்கும். மறுபடி சொல்வேன், மறுபடி கொடுப்பேன். சர்க்கரை முற்றி நீ பழனி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடியபோது, அங்கிருந்து உன்னை மேலே ஊருக்குக் கொண்டுவர ஆம்புலன்ஸ் பேசினார்கள். உன் சம்சாரம், "அண்ணே, நீங்களே கொண்டு வாங்க" என்று என்னிடம் சொன்னது. ஏற்றம் உன்னுடையது, நான் ஓட்டினேன். அழுதேன், ஆனால் குற்ற உணர்ச்சியில் இல்லை. நண்பன் போனதற்கு மட்டும் அழுதேன். அப்படி அழக் கிடைத்ததே பெரிய காரியம்.

இன்று காலை ஹாரன் அடித்து அந்த வெள்ளைக் காரை நிறுத்தினேன். ஓட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். முகம் வெளுத்துக் கிடந்தது, பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். சக்கரத்துக்குக் கல் வைத்தேன். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போனவரைத் தடுத்தேன். அரைமணி நேரம் ஆறட்டும் என்று உட்காரவைத்தேன். கிளம்பும்போது, "செகண்ட் கியர்ல போட்டுட்டுக் காலை எடுத்துருங்க" என்றேன்.

"எடுத்தா வண்டி ஓடிராதுங்களா?"

இடது பக்க சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "எடுத்துப் பாருங்க" என்றேன்.

பின்னாலேயே போனேன். முதல் வளைவு வரை அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பிறகு அணைந்தது.