லிட்டருக்கு ஐம்பத்தேழு

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. எழுதிவிட்டேன். என் முழங்கால் அந்த 'எல்லோரும்' கணக்கில் சேராது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. அந்த வெளிநாட்டு முதியோர் இல்லத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஊட்டிவிட்டு, கடைசியில் வெறும் வயிற்றோடு படுக்கிற ஆள் நீ.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் பேசினால் பாப்பா நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் தூங்கும் நேரத்தில் உனக்கு அங்கே டியூட்டி. அதுவும் போக, எனக்கு வாயைத் திறந்தால் நினைப்பது ஒன்று, வருவது ஒன்று. போன ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் ஆயிற்று.

நம் பைக் லிட்டருக்கு ஐம்பத்தேழு கிலோமீட்டர் கொடுக்கிறது என்று உன்னிடம் பெருமையடித்தேன். நீ இருந்த காலத்தில் நாற்பத்தெட்டைத் தாண்டாத வண்டி. டேங்கை முழுக்க நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மறுபடி நிரப்பிப் பார்த்த கணக்கு. பொய்யில்லை. நீயும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். ஆனால் நீ, அப்போ நான் இல்லாமலே வண்டி நல்லாத்தான் ஓடுது, இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுடட்டுமா என்று கேட்டாய். உன் இஷ்டம் என்றேன். என் நாக்கில் சனி உட்கார்ந்த நேரம் அது. மாதக் கடைசிக்குள் நீ அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

அன்று முதல் அந்த ஐம்பத்தேழு என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. நம் மெக்கானிக் ஒல்லியிடம் போனேன். இப்போது அவனைப் பார்த்தால் ஒல்லி என்று பெயர் வைத்தவனைத் தேடிப்பிடித்து உதைக்கத் தோன்றும், அவ்வளவு பெருத்துவிட்டான். பின்சீட்டில் உன் எடை இல்லை, அதுதான் காரணமா என்று கேட்டேன். ஒரு ஆள் இறங்கினா ரெண்டு மூணு கூடும் அண்ணே, ஒன்பதெல்லாம் கூடாது என்றான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். செயினை இழுத்துப் பார்த்தான். கடைசியில் தானே பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னான்.

இறங்கியதும் அவன் சொன்னது இதுதான். வண்டியில ஒண்ணும் மாறல, நீங்க ஓட்டுறதுதான் மாறிப்போச்சு. முன்னாலெல்லாம் சாயங்காலம் அவன் கடையைத் தாண்டும்போது, போனது நான்தான் என்று தெரிவதற்குள் மறைந்துவிடுவேனாம். இப்போது அவன் கையசைத்து, நான் பதிலுக்குத் தலையாட்டி, அவன் டீயைக் குடித்து முடித்த பிறகும் அவன் கண்ணில்தான் இருக்கிறேனாம். நாப்பதைத் தாண்ட மாட்டேங்கிறீங்க, பிரேக்கே பிடிக்க மாட்டேங்கிறீங்க, இப்படி ஓட்டினா எந்த வண்டியும் மைலேஜ் கொடுக்கும் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்டான். அவனுக்கு விஷயம் அதோடு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. வீடு வந்து சேரும் வரை யோசித்தேன். அவன் சொன்னது சரிதான். நீ இங்கே வேலை பார்த்த காலத்தில், உனக்கு ஷிப்ட் முடிந்து ஆஸ்பத்திரியின் பக்கவாட்டு கேட்டில் வந்து நிற்பாய், பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நான் எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்டைச் சரிசெய்துகொண்டிருப்பேன். கையில் ஒட்டிய கிரீஸைக்கூடத் துடைக்காமல் வண்டியை எடுத்து முறுக்கிக்கொண்டு வருவேன். தாமதமானால் வீடு வரைக்கும் பேச மாட்டாய். வீட்டுக்கு வந்த பிறகும் பால் வாங்கணும் என்பது போல ஏதாவதுதான் பேசுவாய். சிக்னலில் எஞ்சினை அணைக்கிற கஞ்சன் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, அந்தக் கஞ்சன்தான் தினமும் சாயங்காலம் பெட்ரோலைத் தண்ணீராகச் செலவழித்திருக்கிறான்.

இப்போது கேட்டில் யாரும் இல்லை. பாப்பா பக்கத்து மாடிவீட்டு அக்காவோடு விளையாடிக்கொண்டிருப்பாள், சீக்கிரம் போய்க் கூப்பிட்டால் இன்னும் அஞ்சு நிமிஷம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். எனக்கு எங்கே அவசரம்? குறுக்கு வழி இருந்தும் ஆஸ்பத்திரி ரோட்டில்தான் வருகிறேன். அங்கே இருக்கிற வேகத்தடையில், நீ பின்னால் இருக்கிற நினைப்பில் இன்னமும் மெல்ல ஏற்றி மெல்ல இறக்குகிறேன். இதைத்தான் நான் உன்னிடம் மைலேஜ் என்று பெருமையடித்திருக்கிறேன்.

வேலை அலுப்பாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிப்ட் இந்த வாரமும் நின்றுவிட்டது. ஊரையே மேலே தூக்கிவிடுவது என் தொழில் என்று நீ கேலி செய்வாய். லிப்ட் நின்றால் மெக்கானிக் படியேறித்தான் போக வேண்டும் என்பது அங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. ஏன் இவ்வளவு லேட்டு என்று கேட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே கருவிப் பையைத் திறந்தேன்.

மேல் அறைக்குக் கூரை போட்டாயிற்று. பூச்சும் தரையும் பாக்கி. நீ இன்னும் இரண்டு வருஷம் இருந்தால் அதுவும் முடிந்துவிடும், தெரியும். அந்த அறைக்காகத்தான் நீ போனாய் என்பதையும் மறக்கவில்லை. ஆனால் பூசாத சுவருக்குள்ளும் மனிதர்கள் தூங்கத்தான் செய்கிறார்கள். செங்கல்லை எண்ணிக்கொண்டு நாமும் தூங்குவோம்.

பாப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அம்மா எப்ப வருவாங்க என்று கேட்பதை அவள் நிறுத்திவிட்டாள். அழுகையும் இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது, இப்போது பயமாக இருக்கிறது. நேற்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சீட்டில் ஏறி உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையைத் தனக்குப் பின்னால் வைத்து, இது அம்மா, நீங்க முன்னால ஏறுங்க என்றாள். ஏறினேன். முன்பு நமக்கு நடுவில் இருப்பதே தெரியாமல் உட்கார்ந்திருந்தவளின் முட்டி இப்போது என் இடுப்பில் இடிக்கிறது. கால் பின்கால்மிதியைத் தொட்டுவிட்டது. பைக்குப் பின்னால் ஒரு கையளவு இடம்கூட மிச்சமில்லை. அம்மா ஒல்லியாத்தானே இருக்காங்க, இடம் போதும்ல அப்பா என்று கேட்டாள். போதும் என்றேன். இன்றைக்குப் போதும். இரண்டு வருஷம் கழித்துப் போதாது, நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை.

அதனால், ஞாயிற்றுக்கிழமை சொன்ன அந்த 'உன் இஷ்டம்' என்ற வார்த்தையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். முடிவு உன்னுடையதுதான், நீ கஷ்டப்படுகிற இடத்தில் நான் உட்கார்ந்து உத்தரவு போட முடியாது. ஆனால் நீ கேட்டது என் மனதை. அதற்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது. கையெழுத்துப் போடாதே. வந்துவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீ எந்தத் தேதியில் வந்து இறங்குகிறாய் என்று மட்டும் எழுது. பெட்டிகளை வாடகைக் காரில் ஏற்றிவிடலாம். நீ வண்டியில் வா, பாப்பா நடுவில் உட்காரட்டும். அன்றைக்கு டேங்கை நிரப்பிவிட்டு வருவேன், வண்டி எவ்வளவு குடித்தது என்று பார்க்க மாட்டேன்.

கேட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடுவேன்,
உன் கஞ்சன்