நீலமாகப் போன சிவப்பு

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் வாய் ரொம்பவே சுகம். நீயும் நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில்தான் திட்ட ஆரம்பிக்கிறேன். காலேஜில் பாடம் நடத்துகிறவள் வீட்டுக்குப் போன் செய்தால் சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைக்க வேண்டியதுதானே? கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்த மனுஷனிடம், உள்ளே வைக்கிற லென்ஸில் நுழைந்ததும் ஒளியின் வேகம் குறையும், அலைநீளம் சுருங்கும் என்று பாதியைச் சொன்னாய், லைன் போய்விட்டது. அப்பா உட்கார்ந்து கணக்குப் போட்டார். சிவப்பு சுருங்கினால் நீலத்தின் அளவுக்கு வந்துவிடுகிறதாம். "பெயிண்ட் கடையில கலர் கலக்குறவனுக்குச் செவப்பு நீலமாத் தெரிஞ்சா பொழப்பு என்னாவுறது" என்று ஆபரேஷனே வேண்டாம் என்றுவிட்டார். புரை முற்றி, பல் டாக்டர் தன் கிளினிக் சுவருக்குக் கேட்ட வெள்ளை பெயிண்டில் நீலத்தைக் கொட்டி அனுப்பியிருக்கிறார், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி சொல்லியாகிவிட்டது, ஆனாலும் பிடிவாதம்.

கண் டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்துவிட்டு, "அலைநீளம் சுருங்குறது வாஸ்தவம்தான். ஆனா அதிர்வெண் மாறாது, வெளிய நொடிக்கு எத்தனை அலையோ உள்ளயும் அத்தனைதான். அதை வச்சுத்தான் கண்ணு நிறத்தைப் புடிக்குது. பொறந்ததுலேருந்து உங்க கண்ணுக்குள்ள தண்ணிதான், அங்கயும் அலை சுருங்கித்தானே போச்சு, தக்காளி நீலமாவா தெரிஞ்சுது" என்று கேட்டார். அப்பா அங்கேயே ஆபரேஷனுக்குத் தலையாட்டினார், அந்தம்மா காலில் விழலாமா என்று தோன்றியது. ஆபரேஷன் அறை வாசலில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கலர் கெடக்கட்டும், கண்ணே போயிட்டா?" என்றார். அத்தனை கணக்கும் பயம்தான். எனக்கும்தான், காட்டிக்கொள்ளாமல் அவரை உள்ளே தள்ளிவிட்டேன்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்தவர், போன வருஷம் தானே வெள்ளையடித்த ஹாலைப் பார்த்து, "எவன் இதுல இவ்ளோ நீலத்தைக் கலந்தது" என்று கத்தினார். கண்ணோடு பிறந்த பழைய லென்ஸ் மஞ்சளாகிப்போய் நீலத்தை விழுங்கிக்கொண்டிருந்ததாம், அது தெரியாமல்தான் இவர் கூடக்கூடக் கொட்டியிருக்கிறார், ஒளி மேல் ஒரு குற்றமும் இல்லை. அப்புறம் திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு எப்ப இவ்ளோ நரைச்சுது" என்றார். நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது என்றேன். சிரிக்கவில்லை, கிட்டே வந்து என் தலையைத் தடவிக்கொண்டே நின்றார்.

நீ நூறு வயசு நல்லபடியாக இரு. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடச் சொல்லி நீயே அவரை அதட்டு, நான் சொன்னால் காதில் விழாது. பாடம் மட்டும் நடத்தாதே.

உன் அம்மா